ஊ அமெரிக்காவிடம் எதுவும் கேட்காதீர்கள்

எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்போம். பர்மாக்காரரும் அப்படித்தான், நாங்களும் அப்படித்தான். அது கேள்வி கிடையாது. வயிறு ஒட்டிக் கிடந்தாலும் "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். அதேபோல "எங்க கிளம்பிட்டீங்க?" என்று ஒன்று இருக்கிறது. கையில் பெட்டியும் பாஸ்போர்ட்டும் இருந்தாலும் "இங்கதான், சும்மா" என்பதே பதில். இந்த இரண்டு பொய்யும் சொல்ல வராமல் யாங்கோனில் ஒருவன் வளர்ந்திருக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

ஊ அமெரிக்கா வளர்ந்திருந்தார்.

"மாமா, சாப்பிட்டாச்சா?" என்று என் கடை வாசலிலிருந்து கேட்பேன். அவர் நடப்பதை நிறுத்துவார். குடையை மடக்குவார். யோசிப்பார்.

"இன்னும் இல்லப்பா. காலைல மொஹிங்கா வாங்கினேன். அக்கா பாதி சாப்பிட்டா, உப்பு ஆகாதுன்னு மீதிய வச்சிட்டா. அந்த மீதியில நூடுல்ஸ மட்டும் நான் சாப்பிட்டேன். குழம்பக் கொட்டிட்டேன்."

"ஏன் மாமா கொட்டினீங்க?"

"மீன் வாசம் ஒரு மாதிரி இருந்துச்சு."

"எந்த மாதிரி?"

அதற்கும் நின்று பதில் சொல்வார். பின்னால் ட்ரைஷாக்காரன் சைக்கிள் மணியடித்துக்கொண்டு நிற்பான். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு அது தெரியும். ஆனாலும் கேட்டதற்குப் பதில் முடியாமல் அவருடைய கால் நகராது.

போட்டாதாங்கில், படகுத்துறைக்குப் போகிற தெருவில் என் போன் கடை. கடை என்றால் மாடிப்படிக்கு அடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி. பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். அவரும் அவருடைய அக்காவும் அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி. எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் பால்கனியிலிருந்து ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்க்காரன், காய்க்காரி, யாராக இருந்தாலும் பையைக் கிளிப்பில் மாட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும், மேலே இருப்பவர் தூக்கிக்கொள்வார். அவர்கள் வீட்டுக் கயிறு சரியாக என் கடை முகப்பில் தொங்கியது. வேலை இல்லாத நேரத்தில் இழுத்துவிட்டு ஒளிந்துகொள்வேன். "யாரு?" என்பார். பதில் வராது. மறுபடி இழுத்தால் மறுபடி "யாரு?" என்பார். ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை.

அவர் அந்த மூன்றாவது மாடியில்தான் பிறந்தார். வாலிபத்தில் அமெரிக்காக்காரன் நடத்துகிற விசாக் குலுக்கலில் பெயர் விழுந்து நியூஜெர்சிக்குப் போனார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கிற இடத்தில் வேலை. படுக்கை விரிப்பு மடித்தே காலம் போய்விட்டது என்பார். கல்யாணம் ஆகவில்லை. அந்த நாட்டுக் குடிமகன் ஆனார். இங்கிருந்து போய் அப்படி ஆனவர்கள் எல்லோரும் பழைய பர்மா அடையாள அட்டையைப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பார்கள், எதற்காவது ஆகும் என்று. இவர் பர்மா எம்பசிக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஏன் மாமா குடுத்தீங்க?"

"இருக்கான்னு கேட்டாங்க."

பென்ஷன் வாங்கிய பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன செய்தி வந்தது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்காவின் படுக்கை விரிப்பை இவர் போட்டால் நான்கு மூலையும் கத்தி வைத்து வெட்டியதுபோல் இருக்கும். பிறந்த வீட்டில் இருக்க விசா வாங்கியவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ஊ" என்பது பர்மியர் பெரியவர்களுக்கு மரியாதைக்கு முன்னால் போடுகிற எழுத்து. அதை அமெரிக்காவுக்கு முன்னால் போட்டது நான்தான். தெரு முழுக்க அதுவே ஆகிவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு வீட்டில் வெளியாள் ராத்தங்கினால் வார்டு ஆபீசில் சொல்லி விருந்தாளிப் பட்டியலில் எழுத வேண்டும். சட்டம் அது. வழக்கம் என்னவென்றால், யாரும் போய்ச் சொல்வதில்லை. சோதனைக்கு வந்தால் டீக்காசு கொடுத்துவிடுவோம். இவர் தானாகவே போவார். லோஞ்சியை இறக்கிக் கட்டி, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு போய் நிற்பார். ஒருமுறை போட்டோ நகல் கொடுக்க நானும் கூடப் போயிருந்தேன்.

"ஊலே, நீங்க அந்த வீட்டுப் பிள்ளை. எனக்கு உங்க அப்பாவையே தெரியும்" என்றார் வார்டுத் தலைவர் பர்மியில், ஊலே என்றால் மாமா. "வீட்டுக்குப் போங்க."

"வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டு வச்சிருக்கேன். விருந்தாளிதான். எழுதிக்குங்க."

"சொல்லாம இருந்தீங்கன்னா எனக்குத் தெரியாது. சொல்லிட்டீங்கன்னா நான் எழுதணும். எழுதினா மேல இருந்து ஆளு வந்து வெளிநாட்டுக்காரரு ஏன் ஓட்டல்ல தங்கலன்னு கேப்பான்."

"கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எழுதினார். மேலிருந்து ஆள் வந்தான், கேட்டான். இவர் அக்காவின் சிறுநீரகத்திலிருந்து தொடங்கிச் சொன்னார். வந்தவன் டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் போய்விட்டான்.

பாங்கு விவகாரம்தான் அவருக்கு வாழ்க்கையே. அமெரிக்காக்காரன் தன் குடிமகன் சந்திரனில் போய் இருந்தாலும் வருஷா வருஷம் வரிக்கணக்கு ஒப்பிக்கச் சொல்வானாம். வேறு நாட்டுக்காரனுக்கு அநேகமாக இந்தத் தொல்லை கிடையாது, அமெரிக்கர் எங்களுக்குத்தான் என்று பெருமையும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல் சொல்வார். வெளிநாட்டு பாங்கில் ஓர் அளவுக்கு மேல் பணம் இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சொந்தக் கணக்கு மட்டும் இல்லை, கையெழுத்துப் போடுகிற உரிமை இருந்தாலே சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு கணக்குத் தொடங்கலாம் என்று பக்கத்துத் தெரு பாங்குக்குப் போனார். கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். கவுண்டரில் இருந்த பெண் எல்லாம் எழுதிவிட்டு, "வேற நாட்டுக் குடியுரிமை ஏதும் இருக்கா?" என்று எழுந்துகொண்டே கேட்டாள். பதில் எதிர்பார்த்து அவள் கேட்கவில்லை. ஸ்டாம்ப் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"இருக்கு. அமெரிக்கா."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அமெரிக்கர் என்றால் வேறு பேப்பர், அது தலைமை ஆபீசுக்குப் போகும், போனது எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை என்றாள். பாரத்தை எடுத்து மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள்.

வெளியே வந்து, "ஏன் மாமா, வாயில கொழுக்கட்ட வச்சுக்கக் கூடாதா?" என்றேன்.

"எதுக்கு?"

அதனால் அக்கா கணக்கிலேயே அவருக்குக் கையெழுத்து உரிமை எழுதி வாங்கினார்கள். பெரியம்மா படியிறங்கி பாங்குக்குப் போகிற நிலையில் இல்லை. அந்த அக்காவைத்தான் பெரியம்மா என்று நான் கூப்பிடுவேன். அவர் என்னைப் போன்காரப் பய என்பார். க்யிம்யிண்டைங் சந்தையில் புருஷன் விட்டுப்போன கடையை விற்ற பணம் அந்தக் கணக்கில் இருந்தது. டயாலிசிஸ் அந்தப் பணத்தில்தான் நடந்தது. வருஷக் கடைசியில் ஊ அமெரிக்கா என் கடையில் உட்கார்ந்து, அக்கா கணக்கில் அதிகபட்சம் எவ்வளவு இருந்தது என்று அமெரிக்காவுக்கு எழுதினார். டாலரில் சொல்ல வேண்டும். இங்கே டாலருக்கு அரசாங்க விலை ஒன்று, அதைப்போல இரண்டு பங்கு வெளி விலை ஒன்று. அரசாங்க விலைக்கு ஒரு டாலரும் யாருக்கும் கிடைக்காது. அது காகிதத்தில் மட்டும் உயிரோடு இருக்கிற விலை. அமெரிக்காக்காரன் அந்தக் காகித விலையில்தான் கணக்குப் போடச் சொல்கிறான் என்றார். போட்டால் பெரியம்மா இருமடங்கு பணக்காரி ஆகிவிட்டார். வெளி விலையில் சொல்லவே தேவையில்லாத கணக்கு, காகித விலையில் சொல்லியே ஆக வேண்டிய கணக்கு ஆனது.

அவரோடு நானும் படியேறிப் போய்ச் சொன்னேன். "பெரியம்மா, அமெரிக்கா லிஸ்ட்டுல நீங்க பெரிய பணக்காரி. உங்க தம்பி எழுதிட்டாரு."

"என் காச அவனுக்கு எதுக்குடா சொன்ன?" என்று பெரியம்மா கட்டிலிலிருந்து கத்தினார்.

"கேட்டாங்கக்கா."

"கேட்டா? நாளைக்கு என் வயசக் கேட்டா?"

"அதையும் கேட்டாங்க. எழுதிட்டேன்."

பெரியம்மா தலையணையைத் தூக்கி எறிந்தார். அது பாதி தூரம்தான் வந்தது. தம்பி எடுத்து உறையை இழுத்துச் சரிசெய்து திரும்ப வைத்தார்.

கடை விற்ற பணம் தீர்ந்தது. அதற்குப் பிறகு எல்லாம் அவருடைய பென்ஷன். அது மாதாமாதம் நியூஜெர்சி பாங்கில் விழும். அங்கிருந்து இங்கே கொண்டுவந்து சேர்க்க ஓர் ஆள் இருந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், நான் ஊ அமெரிக்கா இல்லை. அந்த ஆளே முதலில் பயந்தார். "உங்க மாமாகிட்ட யாரு கேட்டாலும் எல்லாத்தையும் சொல்லிடுவாராமே? நான் உன்கிட்டதான் பேசுவேன். என் மூஞ்சியே அவரு பாக்கக் கூடாது." மாமா கடைசி வரை பார்க்கவில்லை. பென்ஷன் வந்தது, வாரத்துக்கு இரண்டு தடவை டாக்சி வந்தது, அவர் அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு மூன்று மாடி இறக்கினார், ஏற்றினார். மேல் பக்கம் நான் பிடிப்பேன், கனமான கீழ்ப்பக்கம் அவர்.

ஒருநாள் காலை போனை நீட்டினார். "இத வாசி."

"எனக்கு இங்கிலீஷ் எந்த அளவுக்கு வரும்னு தெரியாதா மாமா?"

அவரே சொன்னார். பாங்கிலிருந்து வந்திருந்தது. அமெரிக்காவுக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இனிமேல் கிடையாது. உள்ளேதான் இருக்கிறேன் என்று மாதக் கடைசிக்குள் போனில் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கணக்கை மூடுவார்கள்.

"அங்க மூடினா இங்க தொறப்பானா?"

"இங்க தொறக்க மாட்டான். நீதானே கூட வந்த."

"அப்ப பென்ஷன் எங்க போய் விழும்?"

"அதான்" என்றார். மேலே பார்த்தார். மேலே கயிறு தொங்கியது.

நான் பொய் சொல்வதில் கைராசிக்காரன். இந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நியூஜெர்சியில் அவரோடு துணி மடித்த பஞ்சாபிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டு விலாசம்தான் பாங்கில் இருந்தது. ஊ அமெரிக்காவின் அமெரிக்கா சிம் கார்டும் அவர் மகளிடம்தான். ஆள் அவர்தானா என்று சோதிக்க பாங்கு ஒரு ரகசிய நம்பர் அனுப்பினால் அந்தப் பெண் பார்த்து இங்கே அனுப்பும். ஆக, இவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. போனில் நியூஜெர்சி என்று சொல்ல வேண்டும்.

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுப் பழக்கினேன். குரலை மெல்லிசாக்கி பாங்குப் பெண்ணாக நானே பேசினேன்.

"ஸார், நீங்க இப்ப எங்க குடியிருக்கீங்க?"

"யாங்கோன்."

"மாமா!"

"நீதானே கேட்ட."

"நான் பாங்குப் பொம்பள. யாங்கோன்னு சொன்னா கணக்கு காலி. பெரியம்மா டாக்சி காலி. மறுபடி. ஸார், எங்க குடியிருக்கீங்க?"

அவர் வாயைத் திறந்தார். "யாங்..." என்று தொடங்கி மூடிக்கொண்டார். பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"மாமா, அந்தப் பஞ்சாபி வீட்டுல உங்க சாமான் ஏதாச்சும் இருக்கா?"

"குளிர் கோட்டு இருக்கு. இங்க எதுக்குன்னு விட்டுட்டு வந்தேன்."

"உங்க லெட்டர் எல்லாம் அங்கதானே வரும்?"

"ஆமா."

"அப்ப அது உங்க விலாசம்தானே? எங்க இருக்கீங்கன்னு கேட்டா 'என் விலாசம் இது'ன்னு அதச் சொல்லுங்க. பொய்யா? உங்க கோட்டு அங்க குடியிருக்கு. கோட்டு சார்பா நீங்க பேசறீங்க, அவ்வளவுதான்."

ரொம்ப நேரம் யோசித்தார். பொய் இல்லை என்று அவருக்கே பட்டது போல. "என் விலாசம் இது" என்று சொல்லிப் பார்த்தார். விலாசத்தைச் சொன்னார். மறுபடி சொன்னார். அந்த வாரம் முழுக்கச் சொன்னார். காய் வாங்கப் போகையில் வாய் அசையும். நான் கேட்கக்கூடிய கேள்வியை எல்லாம் கேட்டேன். எப்போது அமெரிக்காவை விட்டுக் கிளம்பினீர்கள்? போன் ஏன் இழுக்கிறது? பின்னால் என்ன காகச் சத்தம்? எல்லாவற்றுக்கும் பொய் ஆகாத ஒரு பதில் செய்து கொடுத்தேன். காகத்துக்கு, "பறவைகள்".

அன்றைக்கு டயாலிசிஸ் நாள். விடிந்ததும் பெரியம்மாவை இறக்கிக் கடை நாற்காலியில் உட்காரவைத்தோம். எங்கள் காலை அங்கே முந்தின நாள் இரவு, பாங்கில் அப்போதும் போன் எடுப்பார்கள். டாக்சி வெளியே நின்றது. மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டேன். பாட்டு ஓடியது. அப்புறம் ஒரு பெண் வந்தாள். வயதானவள் போலக் குரல், அன்பாகப் பேசினாள். எல்லாம் இங்கிலீஷில்தான், எனக்குப் புரிந்த அளவு எழுதுகிறேன்.

பெயர் கேட்டாள். பிறந்த தேதி கேட்டாள். அம்மாவின் பெயர் கேட்டாள். நம்பர் அனுப்பினாள், பஞ்சாபிப் பெண் அதை உடனே தட்டிவிட்டாள், நான் போனைத் திருப்பிக் காட்டினேன், அவர் படித்தார். விலாசம் கேட்டாள்.

"என் விலாசம் இது" என்று தொடங்கி ஒரு மூச்சில் சொன்னார். கதவு எண், தெரு, ஊர், எல்லாம்.

விசைப்பலகை தட்டுகிற சத்தம். "நன்றி. எல்லாம் சரியாக இருக்கிறது. பதிவு செய்துவிட்டேன்" என்றாள்.

நான் பெரியம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். பெரியம்மா பையில் வெற்றிலை தேடினார். ஊ அமெரிக்காவின் தோள் கொஞ்சம் இறங்கியது. கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, ஒரு நிமிடம் பொறுங்கள் என்றாள் அந்தப் பெண். சும்மா இருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அந்த ஊரில் அதுதான் "சாப்பிட்டாச்சா".

"உங்க பக்கம் இன்னைக்கு வானம் எப்படி இருக்கு?" என்றாள்.

அவர் தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"மழை" என்றார். "விடியறதுக்கு முன்னாடியே பிடிச்சிடுச்சு. யாங்கோன்ல இந்த மாசம் முழுக்க இப்படித்தான். ஆத்துல தண்ணியும் ஏறியிருக்கு."

அந்தப் பக்கம் விசைப்பலகை நின்றது.

"ஸார்... யாங்கோன் என்றா சொன்னீர்கள்?"

"ஆமாம்."

"அது எங்கே இருக்கிறது?"

சொன்னார்.

கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்கும் தோன்றியிருக்கும். குரல் அப்படித்தான் ஆகிவிட்டது. இந்த உரையாடல் பதிவாகிறது, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். மறுபடி பாட்டு ஓடியது. திரும்பி வந்து எழுதிவைத்ததைப் படிப்பதுபோலச் சொன்னாள். கணக்கு நிறுத்தப்படுகிறது. இருப்புக்குக் காசோலை தபாலில் வரும். எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும்?

போட்டாதாங் விலாசத்தைச் சொன்னார். மூன்றாவது மாடி என்பதையும் சொன்னார்.

போன் வைத்த பிறகு பெரியம்மாதான் முதலில் பேசினார். அத்தனை இங்கிலீஷில் அவருக்குப் புரிந்தது ஒரு வார்த்தை.

"யாங்கோன்னு என்னமோ சொன்னியே, என்னடா?"

"மழை பெய்யுதான்னு கேட்டாக்கா."

பெரியம்மா வெளியே பார்த்தார்.

"பெய்யத்தானே செய்யுது" என்றார்.

டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். நாற்காலியைத் தூக்கினோம்.

பாங்குக்காரி கேட்கும் கேள்விக்கெல்லாம் பழக்கினேன். மழைக்குப் பழக்கவில்லை. இதைத் தெருவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். முதல் சில நாள் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் நான் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விழ இடமில்லாமல் பென்ஷன் நின்றது. புதுக் கணக்கு வேண்டுமானால் அமெரிக்காவுக்கு நேரில் வர வேண்டும் என்றார்கள் பாங்குக்காரர்கள். பெரியம்மா, "போய்ட்டு வாடா" என்றார்.

"நான் போனா உன்ன யாரு இறக்குவா?"

"இந்தப் போன்காரப் பய இருக்கான்ல?"

அவர் என்னிடம் திரும்பினார். "உன்னால முடியுமா? வாரத்துக்கு ரெண்டு தடவ?"

"முடியும் மாமா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எப்பவும் முடியும்னுதான் சொல்லுவ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் சொன்னது நிஜம். அவர் போகவில்லை.

காசோலை வந்தது. உறை நனைந்து காய்ந்து, ஓர் ஓரம் கிழிந்திருந்தது. எந்த பாங்கும் வாங்கவில்லை. அந்தக் கவுண்டர்ப் பெண் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. பணம் கொண்டுவரும் அந்த ஆளிடமும் காட்டினேன். காகிதத்தை வைத்து என்ன செய்வது என்றார். "ஃபிரேம் போட்டு மாட்டுங்க மாமா. உங்க படத்த விட இதுக்கு மதிப்பு ஜாஸ்தி" என்றேன். "ஃபிரேம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.

வாரத்துக்கு இரண்டு தடவை வந்த டாக்சி ஒரு தடவை வந்தது. கோயிலில் கொஞ்சம் கொடுத்தார்கள். டீக்கடை பாயம்மா ஒரு மாதம் முழுக்கக் கொடுத்தார். என் அம்மா காதில் இருந்ததைக் கழற்றினார். பெரியம்மாவின் முகம் வீங்கியது, கால் வீங்கியது. நாற்காலி கனத்தது. "நான் குண்டாயிட்டேன்டா, அமெரிக்கா லிஸ்ட்டுல எழுதச் சொல்லு" என்றார் என்னிடம், படியில் வைத்து. அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசி கிண்டல்.

மழைக்காலம் முடிந்து தெருவில் விளக்கு வைக்கிற பண்டிகையின்போது பெரியம்மா போய்விட்டார். காலையில் மேலிருந்து மணி அடித்தது. அந்த மணி மேலே இருப்பவர்களுக்காகக் கட்டியது. மேலிருந்து யாரும் அடித்ததில்லை. ஏறிப் போனேன். விரிப்பு மாற்றியிருந்தார். நான்கு மூலையும் சரியாக இருந்தது.

காரியம் முடிந்ததும் கடைக்கு வந்து அக்கா கணக்கு மூடியதை அமெரிக்காவுக்கு எழுதினார். நான்தான் தட்டினேன். அந்த வருஷத்தில் அதிகபட்ச இருப்பு என்ன என்று கேட்டிருந்தது. அவர் சொன்னார், காகித விலையில் நான் வகுத்தேன். பிறகு வார்டு ஆபீசுக்குப் போனார். தலைவர் பழைய நோட்டைப் புரட்டி, "ஊலே, வீட்டுக்காரங்க போயிட்டாங்க. இப்ப நீங்க யாரு வீட்டு விருந்தாளின்னு எழுதறது?" என்றாராம். இவர் என்ன சொன்னார் என்று தலைவரிடம் கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. நின்னுக்கிட்டே இருந்தாரு. நானா ஒண்ணு எழுதிக்கிட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதிகம் இறங்கவில்லை. விசா முடிகிற வரைக்கும் மேலேதான் இருந்தார். என் அம்மா காலையில் சோறு கட்டிக் கொடுப்பார், நான் கடை திறக்கும்போது கயிற்றுக் கிளிப்பில் மாட்டி மணியை இழுப்பேன். பை மேலே போகும். நான் ஒளிந்துகொள்வதை விட்டிருந்தேன்.

ஒருநாள் கடையில் கூட்டம். கரண்ட் போய், பேட்டரியில் சார்ஜ் போட வரிசையில் நின்றார்கள். கூட்டம் கலைந்து நான் நிமிர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மேலே பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழக்கத்தில்தான் கேட்டேன். வேறு என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

"மாமா, சாப்பிட்டாச்சா?"

அவர் குனிந்து பார்த்தார். யோசிக்கவில்லை.

"ஆச்சு, ஆச்சு" என்றார்.

காலையில் நான் மாட்டிய பை என் மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சு அவிழ்க்கவில்லை. கயிற்றில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"சரி மாமா" என்றேன்.